வர்க்கமில்லாத படிக்கட்டு

ஐரோப்பாவிலேயே வர்க்கபேதம் முற்றிலும் ஒழிக்கப்பட்ட ஒரே படிக்கட்டு ஒஸ்லோவில், ஃப்ரோக்னர் பகுதியில், நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் இருக்கிறது. இது எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ப்ரேபனின் கூற்று. சிரிக்காமல் சொல்வார். ஆதாரமும் வைத்திருக்கிறார். கட்டடம் எழுந்த காலத்தில் இங்கே இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. முன்பக்கம் சலவைக்கல் பதித்தது, கனவான்களுக்கு. பின்பக்கம் சமையலறைக்கு ஏறும் மரப்படி, வேலைக்காரிகளுக்கும் விறகு சுமப்பவர்களுக்கும். தொண்ணூறுகளில் சங்கம் கூடி அந்தப் பின்படியை இடித்துத் தள்ளியது. ஒவ்வொரு மாடியிலும் மிச்சமான இடத்தில் ஒயின் அலமாரி வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேராசிரியருக்கும் பங்குத் தரகருக்கும் படி கழுவ வரும் பெண்ணுக்கும் ஒரே படிக்கட்டுதான்.

"இப்போ சொல்லு, இதுல உயர்வு தாழ்வு எங்க இருக்கு?" என்று கேட்பார் ப்ரேபன்.

எனக்குத் தெரியாது. நான் அடித்தளத்தில் இருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாமே உயரமாகத்தான் தெரிகிறது.

அடித்தள அறை ப்ரேபனுடையது. முன்பு நிலக்கரி கொட்டிவைத்த அறை. வாடகை விளம்பரத்தில் அதற்கு 'ஸ்டூடியோ' என்று பெயர். நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்கிறேன். ப்ரேபனின் தொழில் ஆலோசனை. பெரிய கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும்போது அதை எந்தச் சொல்லால் அழைத்தால் வலிக்காது என்று சொல்லிக்கொடுப்பார். யாருக்கு வலிக்காது என்பதை நான் கேட்டதில்லை.

அந்த வருடம் குளிர்கால விடுமுறைக்கு ப்ரேபனும் அவர் மனைவி வீபெக்கெயும் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போனார்கள். நார்வேயில் பனி இல்லையா என்று கேட்கக் கூடாது. இங்கே பனி எல்லோருக்கும் கிடைக்கிறது. அதுதான் அதன் குறை. திரும்பி வரும்போது முகத்தில் நல்ல வெயில் நிறமும், பெட்டியில் உலர்ந்த இறைச்சியும், வீபெக்கெயின் தொண்டையில் ஒரு இருமலும் கொண்டுவந்தார்கள். பரிசோதனையில் அது ஊர் உலகமெல்லாம் பேசிக்கொண்டிருந்த அதே இருமல் என்று தெரிந்தது. வீபெக்கெ படுக்கையறைக்குள்ளும் ப்ரேபன் வீட்டுக்குள்ளும் அடைபட்டார்கள். மார்ச் மாதம் நாடே மூடப்பட்டது.

அரசாங்கம் நாட்டு மக்கள் அனைவரையும் ஒரு டுக்நாட்டுக்கு அழைத்தது. டுக்நாட் என்றால் எல்லோரும் சேர்ந்து கூலியில்லாமல் செய்கிற வேலை. வசந்தம் வந்ததும் முற்றத்துச் சருகை வாருவோம், வேலிக்குச் சாயம் அடிப்போம், சாசேஜ் சுட்டுத் தின்போம், வராதவர்களைப் பற்றி அடுத்த வசந்தம் வரை பேசுவோம். ஆகவே அழைப்பு எல்லோருக்கும் உடனே புரிந்தது. ப்ரேபன் அவசரக் கூட்டம் போட்டார்.

கூட்டம் முற்றத்தில் நடந்தது. ஆளுக்கொரு ஃபிளாஸ்க்கோடு தள்ளித் தள்ளி நின்றோம். தலைவர் மட்டும் மூன்றாவது மாடி பால்கனியில் இருந்தார்.

"எல்லாரும் ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும்," என்று மேலிருந்து கூவினார். "நான் முன்னுதாரணமா மூணு மாடி தள்ளி நிக்கிறேன்."

அவருக்குப் பின்னால் வீட்டுக்குள் வீபெக்கெ இருமினார். முற்றத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் காப்பி குடித்தார்கள். அடுத்த வீட்டு இருமல் காதில் விழாமல் இருப்பது இந்தப் பகுதியில் நல்ல வளர்ப்புக்கு அடையாளம். இரண்டாவது மாடி யோருன் மட்டும் அப்படி வளரவில்லை. அவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாயைத் திற என்று சொல்லியே ஆயுள் கழித்தவர்.

"வீபெக்கெக்கு இப்போ எப்படி இருக்கு, ப்ரேபன்?"

"அது தனிப்பட்ட விஷயம், யோருன்."

"சரிதான். உன் தனிப்பட்ட விஷயம் ராத்திரி பூரா என் தலைக்கு மேல இருமுது."

ப்ரேபன் அதைக் காதில் வாங்காமல் பேச்சைத் தொடங்கினார். கிருமிக்கு ஏழை பணக்காரன் தெரியாது என்றார். நம் படிக்கட்டு மாதிரி என்றார். பிறகு தீர்மானத்தை வாசித்தார்: வாரம் ஒருமுறை கழுவும் படியை இனித் தினமும் கழுவுவது, கைப்பிடிகள், கதவுக் குமிழ்கள் உட்பட. "இதுதான் நம்ம கட்டடத்தோட டுக்நாட். தினமும் கழுவுறோம்!"

"கழுவுறோம்னா, யாரு?" என்றார் யோருன்.

"அப்ரெஹெத்."

"அவ இந்தக் கட்டடத்துல இல்லையேப்பா."

"மனசளவுல இருக்கா."

"நான் ஒண்ணு சொல்றேன். நான் கல்யாணமாகி இங்க வந்தப்போ நாமளேதான் முறை வெச்சுக் கழுவினோம். மாடிக்கு ஒரு வாரம். இப்பவும் அப்படியே செய்யலாம். அந்தப் பொண்ணு கொஞ்ச நாள் சம்பளத்தோட வீட்டுல இருக்கட்டும். இதுக்குப் பேருதான் டுக்நாட்."

ப்ரேபன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன்னை அப்படி நினைச்சுப் பாக்குறேன், யோருன். கையில வாளி, தலையில துணி, ஒவ்வொரு படியா மண்டி போட்டுத் தேய்ச்சுக்கிட்டு! என்னைக் கூட நினைச்சுப் பாரு! நான் மண்டி போட்டா இந்த நாட்டுப் பொருளாதாரம் எங்க போயி நிக்கும்? டுக்நாட்னா அவங்கவங்களுக்கு எது வருமோ அதைச் செய்யுறது. எனக்கு முடிவெடுக்க வரும். அவளுக்குக் கழுவ வரும்."

நான்காவது மாடிக்காரர்கள் ஃபிளாஸ்க் மூடி தெறிக்கச் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. வாடகைக்காரர்களுக்கு ஓட்டு கிடையாது, கூட்டத்தில் தரும் வாஃபிள் அப்பம் உண்டு. நான் இரண்டு சாப்பிட்டேன். அப்ரெஹெத்தை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. அவர் அந்த நேரம் ஒரு வங்கியின் கழிப்பறையில் தன் பங்கு டுக்நாட்டைச் செய்துகொண்டிருந்தார்.

அப்ரெஹெத் எரித்ரியாவிலிருந்து வந்தவர். நகரத்தின் கிழக்குக் கோடியில் ஸ்தோவ்னரில் வீடு. மெட்ரோவில் வந்து போவார். ஒரு கம்பெனி அவரைக் கூப்பிடும்போதெல்லாம் வேலை உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு 'நெகிழ்வுத்தன்மை' என்று பெயர். ப்ரேபனின் தொழிலில் யாரோ கண்டுபிடித்த சொல்லாக இருக்கும்.

தினமும் கழுவத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள், கையில் பைகளோடு வாசலுக்கு வந்தேன். அவை ப்ரேபன் வீட்டுச் சாமான்கள். கடைக்குப் போய் வாங்கி அவர் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருவது என் டுக்நாட். என் வாடகை ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிவதால் ஆர்வத்தோடு செய்துவந்தேன். வாசலில் அப்ரெஹெத் அழைப்பு மணிப் பலகையில் தலைவரின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். பலகை கரகரத்தது.

"யாரு?"

"அப்ரெஹெத். படி கழுவுறவ. ஒரு நிமிஷம் கீழ வர்றியா? பேசணும்."

எங்கள் நாட்டில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். சமத்துவம் என்று ஒன்று நாக்கிலாவது இருக்கட்டும் என்ற ஏற்பாடு.

"இப்போ முக்கியமான கூட்டத்துல இருக்கேன். சொல்லு, நல்லா கேக்குது."

"இந்தக் கட்டடத்துல யாருக்கோ நோய் வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். எந்த வீடு?"

"அதை நான் சொல்ல முடியாது. தனிமனித ரகசியம். சட்டமே இருக்கு."

"பேரு வேணாம். எந்த மாடின்னு சொன்னா போதும், அந்த மாடியை மட்டும் விட்டுடறேன். என் வீட்டுக்காரருக்கு கிட்னி மாத்தியிருக்கு. அதை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்புச் சக்தியையே மருந்து கொடுத்து அடக்கி வெச்சிருக்காங்க. சளி பிடிச்சாலே ஆஸ்பத்திரிதான். இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோனா டெஸ்ஃபாய் பொழைக்க மாட்டாரு."

"அப்ரெஹெத், உன் நிலைமை எனக்கு ரொம்பப் புரியுது. ஆனா ஒரு கதவை மட்டும் காட்டிக்கொடுத்தா அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைச்ச மாதிரி ஆயிடும். நீ எல்லாக் கதவையும் நோய் இருக்குற கதவுன்னே நினைச்சுக்கோ. அதுதான் சமத்துவம்."

"எல்லாக் கதவும்னா நான் வேலைக்கே வர முடியாதே."

"அது உன் சொந்த முடிவு. அதை நாங்க முழுசா மதிக்கிறோம்."

பலகை அணைந்தது. அப்ரெஹெத் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படி என்ன பெரிய கூட்டம்?"

"பெருசெல்லாம் இல்ல. மூணு பேருதான். அவரு, வீபெக்கெ, வீபெக்கெயோட இருமல்."

என் கையிலிருந்த பைகளைப் பார்த்தார். அன்னாசிப்பழமும் தொண்டைக்கு மிட்டாயும் வெளியே எட்டிப்பார்த்தன.

"மூணாவது மாடியா?"

"இடது பக்கம்."

"அப்போ அவரு தன் வீட்டு ரகசியத்தைத்தான் இவ்வளவு நேரம் காப்பாத்திக்கிட்டு இருந்தாரா?"

"தலைவர்னா சும்மாவா?"

அப்ரெஹெத் சிரிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது மிக எளிய காரியம். வழக்கம்போல நான்காவது மாடியிலிருந்து கழுவிக்கொண்டு இறங்குவார். மூன்றாவது மாடி வந்ததும் கழுத்துத் துணியை மூக்கின் மேல் இழுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, எதையும் தொடாமல் விறுவிறுவென்று தாண்டுவார். இரண்டாவது மாடியில் மறுபடி தேய்க்கத் தொடங்குவார்.

மார்ச் மாதம் எங்கள் ஊரில் சாதாரண மாதம் அல்ல. குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்க நடைபாதைகளில் தூவிய சரளைக்கல் எல்லாம், பனி உருகும்போது காலணிகளில் ஒட்டிக்கொண்டு வீடுகளுக்குள் குடிவரும். ப்ரேபனோ வீட்டுக்குள் அடைபட்ட மனிதர். உலகத்தை வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் உடற்பயிற்சி சைக்கிள் வந்தது. ஒருநாள் ரொட்டி சுடும் இரும்புச் சட்டி, அதற்கு ஒரு மூட்டை மாவு. வெள்ளிக்கிழமைகளில் சூஷி. ஒவ்வொன்றையும் சுமந்து ஏறிய ஆட்கள் ஆளுக்கொரு கைப்பிடி சரளையை அவர் கதவின்முன் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனார்கள். நானும் என் பூட்ஸால் இயன்றதைச் செய்தேன்.

விரைவிலேயே எங்கள் படிக்கட்டு பார்க்க வேண்டிய ஒன்றாக ஆகிவிட்டது. மேலும் கீழும் சலவைக்கல் பளபளக்க, நடுவில் மூன்றாவது மாடி மட்டும் தண்ணீர் வற்றிய ஓடை போலக் கிடந்தது. நோய் எந்த வீட்டில் என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. முன்பு ப்ரேபனோடு சேர்ந்து சிரித்த நான்காவது மாடிக்காரர்கள், அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார்கள். சாமான் கொண்டுவந்த ஒருவர் இரண்டாவது மாடியிலேயே பையை வைத்துவிட்டு, "ப்ரேபன், வந்து எடுத்துக்கோ!" என்று கத்திவிட்டு ஓடினார்.

யோருன் அந்தத் தளத்தைப் படம் எடுத்துச் சங்கத்தின் குழுவில் போட்டார். "மூணாவது மாடியில யாராவது தோட்டம் போடுறீங்களா? விதை வேணும்னா சொல்லுங்க."

"சேவை வழங்குநருடன் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது," என்று பதில் எழுதினார் ப்ரேபன்.

பேச்சுவார்த்தை மறுநாள் காலையில் நடந்தது. நான் பால் கொண்டுபோயிருந்தேன். மேலே அப்ரெஹெத் நான்காவது மாடியை முடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். ப்ரேபன் வீட்டுக் கதவில் கடிதம் போடும் துவாரத்தின் பித்தளை மூடி சட்டென்று உயர்ந்தது. உள்ளே ஒரு வாய் தெரிந்தது.

"அப்ரெஹெத்! நில்லு! நீ இந்த மாடியைக் கழுவாம விட்டுடற."

அவர் பாதி வழியிலேயே, ஏழெட்டுப் படி மேலே, நின்றுவிட்டார். "ஆமா."

"ஏன்?"

"அதை நான் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம்?"

"சொன்னா ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். தனிமனித ரகசியம். சட்டமே இருக்கு, நீதானே சொன்ன."

பித்தளை மூடி விழுந்தது. மறுபடி உயர்ந்தது.

"இதுல விளையாட்டு வேணாம். நான் உன் கம்பெனிக்கு போன் பண்ண வேண்டியிருக்கும். அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"பண்ணு. ஏன் கழுவலைன்னு அவங்க கேப்பாங்க. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நோய் இருக்குன்னு தெரிஞ்சே மறைச்சு, தினமும் வரவெச்சீங்கன்னு தெரிஞ்சா இங்க வேற யாரையும் அனுப்ப மாட்டாங்க. மொத்தப் படியும் உங்களுக்கே வந்துடும். அது உங்க சொந்த முடிவு. நான் முழுசா மதிக்கிறேன்."

வாய் திறந்தபடியே இருந்தது. சொற்களுக்காகவே கம்பெனிகள் தேடிவரும் மனிதர் அவர்.

"நாம இதை நிதானமா யோசிக்கலாம்," என்றது கடைசியில்.

"யோசி. நான் கீழ கழுவுறேன்."

துணியை மூக்கின் மேல் இழுத்துக்கொண்டு அவர் எங்களைத் தாண்டி இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். இரண்டாவது மாடியில் வாளியை வைத்துவிட்டு, மேலே ஒருமுறை எட்டிப்பார்த்தார்.

"பண்ணிடுவாரா?" என்று கேட்டார், மெதுவாக.

"தெரியல."

"பண்ணினா நான் போச்சு. அந்த வங்கியையும் மூடிட்டாங்க, ஆபீஸெல்லாம் மூடிட்டாங்க. எனக்கு இந்த ஒரு படிதான் மிச்சம். கம்பெனியில காரணமெல்லாம் கேப்பாங்கன்னு நானா ஒரு தைரியத்துல சொன்னேன். கேக்காமலேயே பேரை அடிச்சுடுவாங்க."

"அப்போ அந்த மாடியையும் லேசா..."

"வேணாம்." அவர் மண்டியிட்டு முதல் படியைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார். "வேலை வேற தேடலாம். டெஸ்ஃபாயை எங்க தேடுறது?"

அன்று முழுக்க அவர் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைக்காமல் படியின் மேலேயே வைத்து, அது ஒலிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுவினார்.

அதே நாள் மாலையில்தான் எங்கள் தெருவில் கைதட்டல் தொடங்கியது. மருத்துவமனையிலும் கடையிலும் பேருந்திலும் நாட்டைத் தாங்கி நிற்பவர்களுக்காக எட்டு மணிக்கு எல்லோரும் பால்கனியில் நின்று கைதட்டவேண்டும் என்று எங்கிருந்தோ செய்தி வந்திருந்தது. எங்கள் கட்டடத்தில் ஏறக்குறைய எல்லோரும் வெளியே நின்றார்கள். நான்காவது மாடியில் ஒருவர் பாத்திரம் கூடத் தட்டினார். சுத்தம் செய்பவர்களையும் சேர்த்துத்தான் தட்டுகிறோம் என்று குழுவில் ஒரு விளக்கம் வந்தது. அதற்கு ஏழு பேர் இதயம் போட்டார்கள். அடித்தளத்துக்குப் பால்கனி இல்லாததால், நான் அந்த நேரத்தில் ப்ரேபன் வீட்டுக்கு முட்டை எடுத்துக்கொண்டு படியேறினேன். படிக்கட்டில் ஒரு ஆள் இல்லை. வெளியே கைதட்டல் மழை போலக் கொட்டியது.

இரண்டாவது மாடி தாண்டும்போது மேலே கல் உரசும் சத்தம் கேட்டது. திருப்பத்தில் நின்று பார்த்தேன்.

ப்ரேபன் தன் கதவின்முன் மண்டியிட்டிருந்தார். பனிச்சறுக்குக் கால்சட்டை, முழங்கை வரை பனிச்சறுக்குக் கையுறை, கண்ணில் ஆல்ப்ஸின் வெயிலுக்காக வாங்கிய பெரிய ஆரஞ்சுக் கண்ணாடி. அந்த வீட்டில் வாளி இருந்ததில்லை போலும். ஷாம்பெயின் குளிரவைக்கும் வெள்ளிப் பாத்திரத்தில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. சரளையை முதலில் கூட்ட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஈரத் துணியால் அதைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அது சுற்றிக்கொண்டு மறுபுறமாக அவரிடமே திரும்பி வந்தது. எல்லாப் பால்கனியிலும் ஆள் நிற்கும் நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

என்னைக் கண்டதும் கை நின்றது. தலை மட்டும் மெல்ல நிமிர்ந்தது. கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை.

"முட்டை," என்றேன்.

"அங்கேயே வெச்சுடு. ஈரமா இருக்கு, வழுக்கிடப் போற."

வைத்தேன். போகலாம் என்று திரும்பியவன் கேட்டுவிட்டேன்: "கம்பெனிக்கு போன் பண்ணினியா?"

"எதுக்கு?" ப்ரேபன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "படி சுத்தமாத்தானே இருக்கு. புகார் சொல்ல ஒண்ணுமே இல்லையே."

வெளியே கைதட்டல் தேயத் தொடங்கியது. முதலில் எதிர்வீடு, பிறகு எங்கள் மேல்மாடி. அவர் அதைக் கவனித்துவிட்டு, துணியை வெள்ளிப் பாத்திரத்தில் அவசரமாக முக்கிப் பிழிந்து, முழங்காலாலேயே ஒரு படி கீழே இறங்கி, மறுபடி குனிந்தார்.